குள்ள மீன்களைக் கொன்ற கை

எங்கள் வீட்டில் மீன் செத்தால் விசாரணை நடக்கும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசையைத் துடைத்து, செத்த மீனை ஒரு வெள்ளைத் தட்டில் வைத்து, பக்கத்தில் டார்ச் விளக்கும் பூதக்கண்ணாடியுமாக மாமனார் உட்கார்ந்துவிடுவார். எதிர் நாற்காலி எனக்கு. பக்கத்து நாற்காலியில் நாத்தனார், உதவிக்கு. என் கணவர் அன்றைக்கு வீட்டில் இருந்தால் சுவரோரமாக நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பார். செத்துக் கிடப்பது என் சுண்டுவிரல் நீளமே உள்ள ஒரு மீன்.

மாமனார் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றாலும், கம்பி அறுந்து யாருக்காவது கால் போனாலும் அவரைத்தான் கூப்பிடுவார்களாம். அவர் போய்ப் பார்த்துவிட்டு யார்மேல் தப்பு என்று சொல்வார். எதன்மேல் தப்பு என்று அல்ல, யார்மேல். கம்பி தேய்ந்துவிட்டது என்றால், கம்பி தேயத்தான் செய்யும், தேய்ந்ததைப் பார்க்காதவன் எவன் என்று கேட்பார். மோட்டார் சூடாகிவிட்டது என்றால், அது சூடாகும்வரை உட்கார்ந்து டீ குடித்தவன் எவன் என்று கேட்பார். தானாக நடந்தது என்று ஒரு தடவைகூட அவர் எழுதிக் கொடுத்தது கிடையாது. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார். வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றார், கேள்வி கேட்பதிலிருந்து அல்ல.

வாழ்நாள் முழுக்க லிஃப்டோடு கழித்த மனுஷன், நாங்கள் குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டாவது மாடி. இந்த வேடிக்கையைச் சொல்லி நான் சிரிப்பதுண்டு. அவருக்குப் படியேறினால் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் சிரிப்பை விட்டுவிட்டேன். கால் வீங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இதயம் கொஞ்சம் களைத்திருக்கிறது, மாத்திரையை ஒழுங்காகப் போட்டு, உப்பைக் குறைத்து, அலையாமல் இருந்தால் போதும் என்று டாக்டர் சொன்னதாக என் கணவர் சொன்னார். நானும் நம்பினேன்.

வெளியே போக முடியாவிட்டால் அப்பா எங்கள் எல்லோரையும் பைத்தியமாக்கிவிடுவார் என்று கணக்குப் போட்டு, நாத்தனார்தான் மீன் தொட்டி வாங்கி வந்தார். என் கணவருக்கு அக்கா. அடுத்த தெருவில் வீடு. வேலை முடிந்து தினமும் சாயங்காலம் வந்து அப்பாவைப் பார்த்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவார். நான் மனசுக்குள் அவருக்கு வைத்திருந்த பெயர் துணை இன்ஸ்பெக்டர். வாயைத் திறந்து சொன்னதில்லை.

அவர் வாங்கி வந்தவை குள்ள சிக்லிட். கடையில் அபிஸ்டோ என்று சொல்கிறார்கள். சிக்லிட் என்றாலே பெரிய, சண்டைக்கார மீன்கள். இவை அந்தக் குடும்பத்தில் பொடிசுகள், ஆனால் ரோஷம் மட்டும் குறையவில்லை. ஆண் மீனுக்கு முதுகுத் துடுப்பு சேவல் கொண்டை மாதிரி விறைத்து நிற்கும், வாலில் சிவப்பும் கறுப்பும். பெண் மீன் மஞ்சளாக, அதைவிடச் சின்னதாக இருக்கும். முட்டை போட்டுவிட்டதோ, தன்னைப்போல் இரண்டு மடங்கு பெரிய புருஷனைத் துரத்தித் துரத்தி மூலைக்கு ஓட்டிவிடும். எனக்கு அந்தப் பெண் மீனை ரொம்பப் பிடித்திருந்தது.

மாமனாருக்கோ மொத்தத் தொட்டியும் ஒரு லிஃப்ட் ஆகிவிட்டது. தினமும் தண்ணீரைக் கொஞ்சம் தனியாக எடுத்து, தரம் தெரிய அதில் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்ப்பார். வெப்பமானி இரண்டு வைத்திருந்தார், ஒன்று பொய் சொன்னால் இன்னொன்று காட்டிக்கொடுக்கும் என்று. குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்திருந்துதான் ஊற்றுவார். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அப்படித்தான் பார்த்தார்.

அப்படிப் பார்த்தும் சில மாதத்தில் ஆண் மீன் செத்தது. முதல் நாள் சாயங்காலம் நன்றாகச் சாப்பிட்டது. மறுநாள் காலையில் நிறம் கறுத்து, ஒரு மூலையில் கல்லோடு ஒட்டிக்கொண்டு, செவுளை வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. மதியம் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. உடம்பில் ஒரு கீறல் இல்லை, வயிறு உப்பவில்லை, புள்ளி இல்லை, பூஞ்சை இல்லை. கூட இருந்த சின்னச் சின்ன மீன்களும் நத்தைகளும் ஒன்றுமே நடக்காத மாதிரி திரிந்துகொண்டிருந்தன.

முதல் விசாரணை அன்றுதான் நடந்தது.

"தண்ணி சரியா இருக்கு. சூடு சரியா இருக்கு. சாப்பாடு புதுசு. அப்போ மிச்சம் இருக்கறது மனுஷங்கதான்" என்றார் மாமனார். பிறகு என்னைப் பார்த்தார். "ஏம்மா, நேத்து இந்தப் பக்கம் வந்தியா?"

"கூட்டும்போது வந்தேன் மாமா."

"கையை உள்ளே விட்டியா?"

"நான் எதுக்கு விடப்போறேன்?"

"ஒரு இலை மிதந்ததே, அது இன்னிக்குக் காணோம்."

நான்தான் எடுத்துப் போட்டிருந்தேன். அழுகிப்போன செடியின் இலை. எடுத்ததைச் சொன்னேன். மூன்று பேரும் என் கையைப் பார்த்தார்கள்.

என் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் அழகு நிலையத்தில் தலைமுடிக்குச் சாயம் போடுகிற வேலை செய்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம்வரை நின்றுகொண்டே வேலை. அடுத்தவர்களுடைய நரையை மறைத்து, கறுப்பு, பழுப்பு, செம்பழுப்பு என்று அவரவர் ஆசைப்பட்ட வயதை அவரவர் தலையில் பூசிவிடுவது என் தொழில். கையுறை போட்டுக்கொள்வேன். கையுறை கிழியும். வீட்டுக்கு வருமுன் எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவுவேன். அப்படியும் நகக்கண்ணில் ஏதாவது ஒரு நிறம் மிச்சம் இருக்கும். மருந்து வாடையும் எனக்குத் தெரியாமல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும் போல.

"சாயம்" என்றார் மாமனார். லிஃப்ட் கதவு மூடுகிற மாதிரி அந்த ஒரு சொல்லோடு கேஸ் முடிந்தது.

தொட்டிப் பக்கம் நான் போகக் கூடாது என்று ஆனது. சரி, தொலையட்டும் என்று இருந்தேன். கொஞ்ச நாள் கழித்து என் செல்ல மஞ்சள் மீனும் அதே மாதிரி செத்தது. நாத்தனார் வேறொரு ஜோடி வாங்கி வந்தார். அதுவும் ஒன்றன்பின் ஒன்றாகப் போனது. ஒவ்வொரு தடவையும் தட்டு, டார்ச், கேள்வி. நான் தொட்டிக்குப் பக்கத்திலேயே போகவில்லை என்று சொன்னால், சாயக்கறைத் துண்டைக் காயப்போட்ட கொடி தொட்டிக்கு மேலேதானே இருக்கிறது, சொட்டியிருக்கும் என்றார் மாமனார். கொடியை மாற்றிக் கட்டினேன். அடுத்தது செத்தபோது, தலைமுடிக்கு அடிக்கிற ஸ்ப்ரே காற்றில் வரும் என்றார். வேலை செய்கிற இடத்தில் அடிக்கிற ஸ்ப்ரே, இரண்டு தெரு தாண்டி, இரண்டு மாடி ஏறி, சின்ன மீன்களையும் நத்தையையும் விட்டுவிட்டு அபிஸ்டோவை மட்டும் தேடிப் பிடித்துக் கொல்லுமாம். நான் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு மூச்சு வாங்கியது, அதனால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மீனோடு நின்றிருந்தால் இதை நான் இப்படி உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். ஒரு சாயங்காலம் மாமனாருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாங்குவதற்குள் நாத்தனார் கையை நீட்டி டம்ளரை வாங்கி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு அப்பாவிடம் கொடுத்துவிட்டு ஒன்றுமே நடக்காத மாதிரி வேறு ஏதோ பேசினார். எனக்கு உள்ளங்கால்வரை பற்றி எரிந்தது. அடுத்த வாரம் மாத்திரைப் பெட்டி என் பொறுப்பிலிருந்து போனது. காலை, மதியம், இரவு என்று நாத்தனாரே பிரித்து வைத்தார். அப்பாவுக்கு மட்டும் தன் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவர ஆரம்பித்தார், "உனக்கும் வேலை கொஞ்சம் குறையட்டுமே" என்று சிரித்துக்கொண்டே.

இத்தனை வருஷம் அந்த மனுஷனுக்குச் சமைத்துப் போட்டது இந்தக் கை. ஆஸ்பத்திரியில் முதுகு துடைத்துவிட்டது இந்தக் கை. எனக்கு வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றுமில்லை. என் வீட்டில் நான் கொடுக்கிற ஒரு டம்ளர் தண்ணீரை யாரும் முகர்ந்து பார்க்காமல் குடிக்க வேண்டும். அதற்காக, ஒரு விடுமுறை நாளில் சண்டை போடவே தயாராக மீன் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் பையில் காற்று நிரப்பிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அபிஸ்டோவா? சாகும்" என்றார்.

"சாகும்னா? நோய் மீனைக் கொடுத்தீங்களா?"

"நோயெல்லாம் இல்லைங்க. அதோட ஆயுசே அவ்வளவுதான். ரெண்டு வருஷம். ரொம்ப நல்லா வெச்சுக்கிட்டா இன்னும் கொஞ்சம் இழுக்கும்."

"நாங்க வாங்கி ஒரு வருஷம்கூட ஆகலையே."

இப்போது நிமிர்ந்தார். ஒரு தொட்டியைக் காட்டினார். அதில் சாம்பல் நிறத்தில், ஈர்க்குச்சி மாதிரி, எந்த அழகும் இல்லாத குட்டி மீன்கள். "இதான் குட்டி. இதை யாராவது வாங்குவாங்களா? நீங்க வாங்குவீங்களா? கலர் வந்தாத்தான் வாங்குவீங்க. துடுப்பெல்லாம் நல்லா வளர்ந்து, சிவப்பு ஏறி, அதைப் பார்த்து நீங்க ஆசைப்படறதுக்குள்ள அதுக்குப் பாதி ஆயுசு போயிடும். மிச்சப் பாதியைத்தான் நான் விக்கறேன்."

"இதை ஏன் சொல்லலை?"

"சொன்னா வியாபாரம் நடக்குமா? நீங்களே சொல்லுங்க." பையின் வாயில் ரப்பர் பேண்டைச் சுற்றினார். பிறகு என்ன நினைத்தாரோ, குரலைத் தணித்துக்கொண்டார். "எல்லாமே வயசாகிச் சாகுதுன்னும் சொல்ல மாட்டேன். வரும்போதே உள்ள ஏதாவது இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. தண்ணி மாறின அதிர்ச்சி இருக்கும். நேத்து ஜோரா இருந்தது இன்னிக்கு மல்லாந்து கிடக்கும். எனக்கே எவ்வளவோ தடவை ஏன்னு தெரிஞ்சதில்லை. நான் எடுத்துப் போட்டுட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன்."

நான் சண்டை போடவில்லை. அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லாத குறைதான். கொலைகாரி இல்லை என்று தீர்ப்பு வாங்கியவள் மாதிரி நடந்து வந்தேன். வழியெல்லாம் மாமனாரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்தேன். நாத்தனார் இருக்கும்போது சொல்ல வேண்டும், அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. ஆமாம், ஆசைதான். நான் ஒன்றும் தவசி இல்லை.

என் கணவர் குளிர்சாதன லாரி ஓட்டுகிறார். வாரத்தில் பாதி நாள் சாலையில்தான். அன்றைக்குச் சாயங்காலம் வந்தார். எங்கள் வீட்டில் தனியாகப் பேச இடம் என்றால் மாடிப்படிதான். அவர் ஏறி வரும்போதே நடுவில் மறித்து, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். ரெண்டு வருஷம், கலர் வருவதற்குள் பாதி போய்விடும், என் கைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்பாகிட்ட சொல்லிட்டியா?" என்றார்.

"இன்னும் இல்லை. உங்க அக்கா வரட்டும்னு இருக்கேன்."

"சொல்லாதே."

"ஏன்?"

படியில் உட்கார்ந்துவிட்டார். தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரையும் அக்காவையும் தனியாகக் கூப்பிட்டு, இந்த இதயத்தை வைத்துக்கொண்டு ரெண்டு வருஷம் போகலாம் என்று சொன்னாராம். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தார்களாம். எனக்கும் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தார்களாம், என் வாய் சும்மா இருக்காது என்பதால்.

"ரெண்டு வருஷம்ங்கற பேச்சே அப்பா காதுல விழக் கூடாது. மீனுக்குன்னாலும் வேண்டாம். அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை, ஒண்ணைக் கேட்டா இன்னொண்ணைக் கண்டுபிடிச்சிடுவார்."

"அதுக்கு நான் கொலைகாரியா இருக்கணுமா?"

"யாரு அப்படிச் சொன்னா? சும்மா ஒரு மீன்." என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ கவனிச்சிருக்கியா, விசாரணை நடக்கற அன்னிக்குத்தான் அப்பா நல்லா சாப்பிடறார். பழைய குரல் வருது. கொஞ்சம் பொறுத்துக்கோம்மா. உன்னைப்பத்தி எனக்குத் தெரியாதா?"

அந்தக் கடைசி வார்த்தையில்தான் நான் விழுந்தேன். ஒரு ஆளுக்காவது தெரிந்திருக்கிறதே, போதும் என்று வாயை மூடிக்கொண்டேன். மாமனாரை நினைத்தும் அழுதேன். அவர்மேல் எவ்வளவு எரிச்சல் இருந்தாலும், மனுஷன் வாலும் துடுப்புமாகக் கலர் காட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே இது உள்ளே தொடங்கியிருக்கும் என்று தோன்றியபோது தாங்கவில்லை.

மூன்றாவது ஜோடியும் வந்தது. நான் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண் மீன் கொண்டையை விரித்துக்கொண்டு கண்ணாடியில் தன் நிழலோடு சண்டை போடும்போதெல்லாம், பாதி போயாச்சுடா உனக்கு என்று மனசுக்குள் சொல்வேன். மாமனாரும் இப்போது தொட்டி முன்னாலேயே நாற்காலியைப் போட்டு அதிலேயே தூங்க ஆரம்பித்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றார்.

நாத்தனார் வேலை விஷயமாகச் சில நாள் வெளியூர் போக வேண்டியிருந்தது. வேறு வழியில்லாமல் மாத்திரைப் பெட்டியை என்னிடம் கொடுத்தார். "எல்லாம் பிரிச்சு வெச்சிருக்கேன். நீ எடுத்துக் கொடுத்தா மட்டும் போதும்" என்றார். என் கணவரும் லாரியில் போயிருந்தார். நான் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன்.

இரண்டாம் நாள் காலையில் ஆண் மீன் கறுத்து மூலையில் ஒதுங்கியது. மதியத்துக்குள் போய்விட்டது. மாமனார் அதை வலையில் எடுத்துத் தட்டில் வைத்தார். டார்ச்சை எடுத்தார். மேசைக்கு வந்து உட்காருவதற்கே அவருக்கு ரொம்ப நேரம் ஆனது. நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"ஏம்மா, நேத்து ராத்திரி நீ..."

"போதும் மாமா" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "நான் ஒண்ணும் பண்ணலை. இதுக்கு முன்னாடி செத்ததுக்கும் நான் ஒண்ணும் பண்ணலை. இந்த மீனோட ஆயுசே ரெண்டு வருஷம்தான். கலர் வந்து கடைக்கு வர்றதுக்குள்ள பாதி போயிடுது. வேணும்னா கடைக்காரரைக் கேளுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. மாமனார் டார்ச்சை அணைத்துவிட்டு மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டேன்" என்றார்.

"என்ன?"

"முதல் மீன் செத்த அன்னிக்கே போன் பண்ணிக் கேட்டேன். சொன்னான்." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "லிஃப்ட் கம்பிக்கே இத்தனை வருஷம்னு கணக்கு உண்டும்மா. எனக்குத் தெரியாதா?"

எனக்குக் கோபத்தில் கண் இருண்டது. "தெரிஞ்சுக்கிட்டேவா என்னை உட்கார வெச்சுக் கேள்வி கேட்டீங்க? உங்க பொண்ணு நான் கொடுக்கற தண்ணியை முகர்ந்து பார்க்கறாங்க. தெரியுமா உங்களுக்கு?"

"பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

"நாள் முடிஞ்சுதுன்னு எழுதினா கேஸ் மூடிடும். அடுத்த மீனுக்கும் அதே நாள்தான், எனக்கும் அதே நாள்தான். யாரோ தப்புப் பண்ணிட்டாங்கன்னா, தப்பைத் திருத்திட்டா அடுத்தது பிழைக்கும்ல. அப்படி நினைச்சுக்கிட்டா ராத்திரி கொஞ்சம் தூக்கம் வந்தது." என் முகத்தைப் பார்க்காமல், "எனக்கும் டாக்டர் ரெண்டு வருஷம்தான் சொல்லியிருப்பார்னு நினைக்கறேன். இல்லைன்னா இவங்க ரெண்டு பேரும் இவ்வளவு அன்பா இருக்க மாட்டாங்க" என்றார்.

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. அவருக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்தது.

"உன் தலையில கட்டினது தப்பும்மா. நீ தாங்குவேன்னு நினைச்சேன்."

"தாங்கறவ தலையிலயே எல்லாத்தையும் ஏத்துங்க."

"ஏத்த மாட்டேன். அவ வரட்டும். ரெண்டு பேரையும் இங்க உட்கார வெச்சு நானே சொல்றேன், தப்பு உன் மேல இல்லைன்னு. என் வாயால சொன்னாத்தான் அவ நம்புவா." தட்டை ஒரு விரலால் தள்ளினார். "இதை எடுத்துப் போட்டுடு. நீயே எடு. அப்புறம் குடிக்கத் தண்ணி கொண்டு வா."

மீனை நான்தான் எடுத்தேன். எடையே இல்லை. கையைக் கழுவிவிட்டு வந்து தண்ணீரும் மதிய மாத்திரையும் கொடுத்தேன். அவர் என் கையிலிருந்து வாங்கி, நிறுத்தாமல் முழு டம்ளரையும் குடித்தார். ரொம்ப நாளைக்கப்புறம் எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. அவர் பழையபடி தொட்டி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, டீ போடட்டுமா என்று கேட்டேன். பதில் வரவில்லை. தூங்குகிறார் என்று நினைத்தேன். டீயைப் போட்டு எடுத்துக்கொண்டு போனபோதுதான் தெரிந்தது.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இதயம் நின்றுவிட்டது என்றார். ஏன் இன்றைக்கு என்று கேட்டேன். இந்த நோயில் இப்படித் திடீரென்று நடக்கும், அதற்குக் காரணம் தேடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் என் கணவர் வந்தார். லாரியை எங்கே விட்டார், எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. அவரை நான் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் நாத்தனார் ஊரிலிருந்து பயணப் பெட்டியோடு நேராக வந்தார்.

அவர் முதலில் அழுதார். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதது பொய் இல்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். பிறகு அவர் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஒவ்வொரு அறையையும் தடவிப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை போல.

"ரெண்டு வருஷம்னு சொன்னாரே டாக்டர்" என்றார். என்னிடம் இல்லை, தம்பியிடம். "நீயும்தானே இருந்தே? ரெண்டு வருஷம்னாரே. ஒண்ணரை வருஷம்கூட ஆகலையே. இன்னும் நாள் பாக்கி இருந்ததே. நான் ஊருக்குப் போகும்போது நல்லாத்தானே இருந்தார்?"

என் கணவர் மாத்திரைப் பெட்டியை வாங்கி மூடினார்.

நாத்தனார் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "கடைசியா என்ன சாப்பிட்டார்?"

"மதிய மாத்திரை. தண்ணி."

"யார் கொடுத்தது?"

வீட்டில் நானும் அவரும்தான் இருந்தோம் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தே கேட்டார். நான் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியாமல், மாமா எல்லாவற்றையும் தெரிந்து வைத்திருந்தார் என்றும், மீன் செத்ததற்கு நான் காரணம் இல்லை என்று தானே சொல்லப்போவதாக இருந்தார் என்றும், நீங்கள் வந்ததும் சொல்வேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்தார் என்றும் சொன்னேன். சொல்லச் சொல்லவே, அது எப்படிக் கேட்கும் என்று என் காதுக்கே தெரிந்தது.

"அப்பா அப்படிச் சொன்னாரா?" என்றார் நாத்தனார். சத்தம் போடவில்லை. "தப்பு யார் மேலயும் இல்லைன்னு? எங்க அப்பாவா?"

நான் என் கணவரைப் பார்த்தேன். "நீங்க சொல்லுங்க. கடைக்காரர் சொன்னதை அன்னிக்கே உங்ககிட்ட சொன்னேன்ல, படியில வெச்சு? ரெண்டு வருஷம்தான்னு. சொல்லுங்களேன்."

"மீனை விடு இப்போ" என்றார் அவர்.

நாத்தனார் உள்ளே போய்விட்டார். நாங்கள் இருவரும் தனியாக இருந்தோம். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அன்றைக்குப் படியில் பிடித்த மாதிரியே என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தவர், என் விரல்களைத் திருப்பி நகக்கண்களைப் பார்த்தார். அழுது அழுது அவர் கண் சிவந்திருந்தது. குரலில் கோபமே இல்லை. குழந்தையிடம் கேட்கிற மாதிரி அவ்வளவு மெதுவாகக் கேட்டார்.

"மாத்திரை எடுத்துக் கொடுக்கறதுக்கு முன்னாடி கையைக் கழுவினேதானே?"

"கழுவினேங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார், நம்ப முயற்சி செய்கிறவர் மாதிரி.